உறைகுளிரில் ஓடுவோரும் நின்று நோக்குவோரும்



சுவீடன் நாட்டில் ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்து முதல் ஞாயிறன்று வாசலொப்பெத் எனும் நெடும் பனிச்சறுக்கோட்டம் நடைபெறுகின்றது. 1922ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வோட்டத்தின் தூரம் 90 கிலோமீற்றர். சேலன் என்னும் ஊரின் அருகே காலையிலே திரளும் பல்லாயிரவர் மோரா நகரை நோக்கிப் புறப்படுகின்றனர். வழிநெடுகிலும் அவரை ஊக்குவிக்கும் மக்கள் கூடி நிற்கின்றனர். வெளியும் ஒன்று, காற்றும் ஒன்று, குளிரும் ஒன்று. ஆயினும் ஓடுபவனின் உடையை நிற்பவன் அணிந்தால் விறைத்துப் போவான். நிற்பவனின் உடையை ஓடுபவன் அணிந்தாலோ வியர்வையில் நனைந்து, பின்னர் அந்த ஈரத்தினாலேயே நடுங்குவான். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்தவனே கடுங்குளிரில் உடுக்கத் தெரிந்தவன்.

உடை வெப்பத்தைத் தருவதில்லை. உடல் உண்டாக்கும் வெப்பத்தைக் காத்து வைப்பதே அதன் தொழில். வாளா இருக்கும் மனிதனின் உடல், பழைய மின்விளக்கு ஒன்றின் அளவான, ஏறத்தாழ 100 உவாற்று வெப்பத்தை வெளிவிடுகின்றது. பனியிலே விரைந்து சறுக்கிச் செல்பவனின் உடலோ அதைப்போற் பத்து மடங்கு ஆற்றலைச் செலவிடவல்லது. ஆதலால், ஓடுபவன் அஞ்சவேண்டியது வியர்வையை. நிற்பவன் அஞ்சவேண்டியது அசைவின்மையை.

வியர்வைக்கு அஞ்சுவானேன் எனின், நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்தும். எமது நாட்டு வெயிலுக்கு உகந்த பருத்தித் துணி, குளிர்நாட்டு ஓட்டக்காரனுக்குப் பகையாகும். அது வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். எனவே, உடலை ஒட்டிய முதல் உடை மெல்லிய கம்பளியாகவோ, ஈரத்தை வெளியே கடத்தும் செயற்கை இழையாகவோ இருத்தல் வேண்டும். அதன்மேல் காற்றைச் சிறைப்படுத்தும் கம்பளிச் சட்டை ஒன்றும், அதற்கும் மேல் காற்றை மறிக்கும் மெல்லிய மேற்சட்டை ஒன்றும் அணிவர். தடித்த ஒன்றினும் மெல்லிய மூன்று மேலானவை; உடல் சூடேறுங்கால் ஒன்றைக் கழற்றவும், ஓய்வுறுங்கால் மீண்டும் அணியவும் இயலும். புறப்படும்போது சற்றே குளிர்வதுபோல் இருப்பதே சரியான உடைக்கு அடையாளம். வாசலொப்பெத் ஓட்டக்காரர், தொடங்கும்வரை அணிந்திருக்கும் வெளியுடைகளைக் கழற்றிப் பைகளில் இட்டு அனுப்பிவிடுவர். ஓடி முடிக்கும்போது அவ்வுலர்ந்த உடை மோராவிலே அவரை எதிர்கொள்ளும். ஓட்டம் நின்ற மறுகணமே உடலின் வெப்பம் தணியத் தொடங்குமாதலால், அப்போதுதான் உலர்ந்த உடை மிகவும் வேண்டப்படுகின்றது.

இவ்வடுக்குமுறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. நோர்வே நாட்டவரான உறோவால் அமுண்ட்சென், 1903 முதல் 1905 வரை வட கனடாவில் நெற்சிலிக் இனுயிட் மக்களின் அயலிலே தங்கி, அவர்தம் உடைமுறையைக் கற்றார். அவர்கள் கலைமான் தோலாலாகிய இரு உடைகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் தளர்வாக அணிவர். உள்ளுடையின் உரோமம் உடலை நோக்கியும், வெளியுடையின் உரோமம் வெளிப்புறம் நோக்கியும் இருக்கும். இடையே நிற்கும் காற்றுத்தான் காவல். அப்பாடம், 1911 டிசம்பர் 14இல் தென்முனையை அடைந்த அமுண்ட்சென் குழுவினருக்குப் பெருந்துணையாயிற்று.

இனி, நிற்பவனின் நிலையை நோக்குவோம். 1967 டிசம்பர் 31இல் அமெரிக்காவின் கிறீன் பே நகரில் அமெரிக்க உதைபந்தாட்ட இறுதிப்போட்டி ஒன்று நடந்தது. குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 25 செல்சியசுப் பாகை. நடுவரின் உலோக ஊதுகுழல் உதட்டிலே ஒட்டிக்கொண்டது. வெட்டவெளி அரங்கிலே ஏறத்தாழ 50,000 பேர் மணிக்கணக்காக அமர்ந்திருந்தனர். ஆடியவர்களுள் சிலரைக் குளிர் புண்படுத்தியது. காணவந்த முதியவர் ஒருவர் உயிரிழந்தார். பார்வையாளனுக்கு ஆபத்தில்லை என்று எண்ணுதல் எத்துணைப் பிழையானது!

காற்று வீசின் ஆபத்து மேலும் பெருகும். 1941இல் அந்தாட்டிக்காவில் சிப்பிள், பாசெல் என்னும் இருவர், நீர் நிறைத்த உருளையைக் காற்றிலே தொங்கவிட்டு, அது உறையும் நேரத்தை அளந்து இதனை ஆராய்ந்தனர். 2001இல் கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் திருத்தியமைத்த கணக்கின்படி, பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக் குளிரில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகக் காற்று வீசினால், மேனிக்கு அது பூச்சியத்துக்குக் கீழ் 33 பாகை போலாகும். அந்நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும். 2022 குளிர்கால ஒலிம்பிக்கிலே ஆடவருக்கான 50 கிலோமீற்றர் பனிச்சறுக்கோட்டம், குளிர்காற்றின் கொடுமையால் ஏறத்தாழ 30 கிலோமீற்றராகக் குறைக்கப்பட்டது.

ஆகவே பார்வையாளர், ஓட்டக்காரரினும் மிகுதியாக உடுத்தல் வேண்டும். விரல்கள் தனித்தனியே பிரிந்த கையுறையிலும், நான்கு விரல்களும் ஒன்றாகக் கூடியிருக்கும் உறையே கூடிய வெப்பம் காக்கும். காதுகளை மூடும் தொப்பியும் கழுத்துத்துணியும் இன்றியமையாதன. குளிர்ந்த தரையில் நிற்பவனின் வெப்பம் பாதத்தின் வழியேயும் ஒழுகும். அதனால் தடித்த அடியுடைய சப்பாத்து அணிந்து, பனித்தரையிலே நேரே நில்லாது அட்டையையோ பலகையையோ இட்டு அதன்மேல் நிற்பது நலம். சப்பாத்து இறுகின் குருதியோட்டம் தடைப்படும். ஆதலால் காலுறைக்கும் விரல்களுக்கும் இடம் இருக்கவேண்டும். மதுபானம் தோலுக்குக் குருதியைப் பாய்ச்சிச் சூடுபோலத் தோற்றுவித்து, உள்வெப்பத்தைக் களவாடும். சூடான இனிப்புப் பானமே உகந்தது.

மூக்கு நுனியோ விரலோ காதோ வெளுத்து உணர்விழந்தால், உடனே உள்ளே செல்லவேண்டும். அவ்விடத்தைப் பனியால் தேய்ப்பது தீங்கு; இளஞ்சூட்டு நீரிலே மெல்ல வெப்பமேற்றி மருத்துவரை நாடுதல் வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்தவன் நடுக்கம் நின்று நாக்குழறித் தடுமாறுவானாயின், அவன் குளிருக்குப் பழகிவிட்டான் என்று மகிழாதீர்கள். அது உயிருக்கு ஊறு நேரும் அறிகுறி.

நுவரெலியாவில் தை, மாசிக் காலையிலே புல்நுனியில் உறைபனி படிவதையே பெருங்குளிரென அறிந்தவர் நம்மவர். இன்றோ, இலங்கைத் தமிழர் பலர் நோர்வேயிலும் கனடாவிலும் குடியேறி வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் பனியிலே ஓடி விளையாடுகின்றனர். பெற்றோரோ திடலோரத்தில் அசையாது நின்று நோக்குகின்றனர். பிள்ளைக்குக் கம்பளி மேல் கம்பளி சுற்றிவிட்டுத் தாம் மெல்லிய உடையோடு நிற்பது தாயன்பின் இயல்பு. ஆயினும் ஓடும் பிள்ளைக்கு ஓரடுக்குக் குறைவாகவும், நிற்கும் தாய்க்கு ஓரடுக்கு அதிகமாகவும் உடுத்துவதே அந்நாட்டுக் குளிர் கற்பிக்கும் முறை.