பழைய கம்பியும் புதிய பெட்டியும்



கடையில் வாங்கிவந்த மின்விசிறியின் செருகி நம் வீட்டுச் சுவரிலுள்ள துளைக்குப் பொருந்தாமற் போவது இந்நாட்டில் யாவரும் அறிந்த தொல்லை. இதே தொல்லை மனித உடலினுள்ளும் நேர்வதுண்டு.

1958ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் நாள், சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில், ரூனே எல்ம்குவிஸ்ட் என்னும் பொறியியலாளர் ஆக்கிய இதயமுடுக்கியை, ஓகே செனிங் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் ஆர்னே லார்சன் என்பவரின் உடலிற் பதித்தார். அக்கருவி சில மணி நேரமே இயங்கியது. லார்சனோ 2001ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். அதற்குள் அவருக்கு மாற்றப்பட்ட கருவிகள் இருபதுக்கும் அதிகம்.

இவ்வாறு மாற்றும்போதுதான் சிக்கல் பிறக்கின்றது. தோலின் கீழ் மின்கலப் பெட்டி ஒன்றும், அதிலிருந்து நாளத்தின் வழியே இருதய அறைக்குச் செல்லும் கம்பியும் சேர்ந்ததே முடுக்கி. மின்கலம் பத்தாண்டளவில் ஓய்ந்துவிடும். கம்பியோ சுற்றியுள்ள இழையத்தோடு இறுகிவிடுகின்றது. பிடுங்க முயன்றால் நாளமோ இருதயமோ கிழியக்கூடும். ஆகவே பழைய கம்பியிலேயே புதிய பெட்டியைப் பூட்டுவர்.

முன்னாளிற் கம்பியின் முனை ஒரு கம்பனியாருக்கு 5 மில்லிமீற்றர், வேறொருவருக்கு 6 மில்லிமீற்றர். பின்னர் 3.2 மில்லிமீற்றர் மெல்லிய முனைகள் வந்தன. அப்போது தொல்லை கூடியதென்றே சொல்வேன். பருமன் ஒன்றாயினும், ஒன்றின் முள் நீளம், மற்றதன் முள் குறுகியது. ஈரத்தைத் தடுக்கும் வளையங்கள் ஒன்றிற் கம்பியின் மேல், மற்றதிற் பெட்டியினுள். 5 மில்லிமீற்றர் முனை சிறு துளையிற் புகாதென்பது கண்ணுக்கே தெரியும். இவையோ பொருந்தியனபோலத் தோன்றும். முள் திருகாணியைக் கடந்து உட்செல்லாவிடின் மின்துடிப்பு இடையிடையே அறும். வளையம் இல்லையெனில் உடல்நீர் கசிந்து மின்னோட்டம் வழிதவறும். முடுக்கியையே முற்றிலும் நம்பியிருக்கும் இருதயமாயின், சில வினாடித் தடையே மயக்கந் தரும். நீடித்தால் உயிர் போகும்.

1992இற் சர்வதேச நியமங்களுக்கான நிறுவனம் ஐ.எஸ்.-1 என்னும் பொது அளவை வெளியிட்டது. அதன்படி அமைந்த கம்பி, அவ்வாறே அமைந்த எக்கம்பனியின் பெட்டிக்கும் பொருந்தும். ஆயினும் அதற்கு முன்னர் பதிக்கப்பட்ட கம்பிகள் பலரின் உடலில் நெடுங்காலம் தங்கின. அவற்றுக்கு இடையிணைப்பு வைப்பர். அது பருமனைக் கூட்டும், பழுதுபடக்கூடிய பூட்டும் ஒன்று கூடும். 2010இல் நான்கு முனைவுகள் கொண்ட செருகிக்கு வேறொரு நியமம் வந்தது. அதன் துளையில் ஐ.எஸ்.-1 கம்பி சேராது.

எனவே முடுக்கி பதித்தவர்க்கு வைத்தியசாலையிற் கொடுக்கும் சிறு அட்டையிற் பெட்டியின் பெயரோடு கம்பியின் வகையும் இலக்கமும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று இன்றிரவே பாருங்கள். அட்டை தொலைந்திருந்தால், எக்ஸ் கதிர்ப் படத்தில் முனையின் வடிவை நோக்கி வைத்தியர் ஓரளவு ஊகிக்கலாம்; மெல்லிய முனைகளில் அந்த ஊகமும் எளிதன்று.