விழுங்க இயலாத கவளம்

 

தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பகுதிகளில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. "அம்மாவுக்கு இப்போதெல்லாம் கஞ்சிதான் இறங்குகிறது, சப்பாத்தியும் கறியும் பிடிப்பதில்லை." வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். அந்தத் தாய்க்குப் பிடிக்காமல் போனதா, விழுங்க முடியாமல் போனதா என்று எவரும் வினவுவதில்லை.

இரத்தசோகை என்றால் களைப்பும் மூச்சு வாங்குதலும் மட்டுமே என எண்ணுகிறோம். அது வாயிலும் தன் அடையாளத்தைக் காட்டும். இரும்புச்சத்து குன்றினால் நாவின் மேலுள்ள சிறு மொட்டுகள் தேய்ந்து, நாக்கு வழவழப்பாகி, காரம் பட்டால் எரியும். கடைவாயோரம் வெடித்துப் புண்ணாகும். நகம் கரண்டி போலக் குழியும். பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி ஆகியவற்றைத் தின்னும் ஆசையும் இதனால் எழுவதுண்டு. அதைக் கேலி செய்வது தகாது.

குறைபாடு நீடித்தால் சிலருக்கு உணவுக்குழாயின் மேற்பகுதியில் மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே வளர்கிறது. நீர் இறங்கும், கெட்டியான கவளம் தொண்டையிலேயே நிற்கும். வலி பெரிதாக இராது. 1919-ஆம் ஆண்டு பிரிட்டனில் பேட்டர்சன், பிரவுன் கெல்லி ஆகிய இரு மருத்துவர்கள் இதனைத் தனித்தனியே எழுதினர். அமெரிக்க மருத்துவர்களான பிளம்மர், வின்சன் ஆகியோரின் பெயராலேயே இந்நோய் இன்று பெரிதும் அறியப்படுகிறது. நடுவயதுப் பெண்களிடமே மிகுதி. அரிதான நோய்தான், எனினும் கவனியாது விட்டால் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோய் தோன்றும் அபாயம் கூடுகிறது என்பதால்தான் இதனை இவ்வளவு விரித்துரைக்கிறேன்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. மாதவிலக்கும் பேறுகாலமும் காரணம். நம் உணவு விரிப்பும் ஒரு காரணம். ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் யார் தட்டில் விழுகின்றன? ஆண்கள் உண்டெழுந்த பின் சட்டியில் மிஞ்சுவது குழம்பு மட்டுமே. இதை நாம்தான் மாற்ற வேண்டும்.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் அது இரத்தசோகை. ஆரம்ப நிலையில் இரும்புச்சத்து மாத்திரையாலேயே விழுங்கும் சிரமம் குறைந்துவிடுவதுண்டு. சவ்வு கெட்டிப்பட்டிருந்தால் குழாய்க் கருவியை உட்செலுத்தி விரிவாக்குவர். மாத்திரையைத் தேநீருடன் உட்கொள்ளாதீர்கள். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறு துணைபுரியும். மலம் கறுத்தால் அஞ்சி நிறுத்திவிட வேண்டாம். அது மாத்திரையின் இயல்பு. இரத்தம் சீரான பின்னும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

நோயுற்றவருக்கு ரமளான் நோன்பில் சலுகை உண்டென்பதை யாவரும் அறிவோம். ஆயினும் இஃப்தாரில் கஞ்சி மட்டும் அருந்தி எழும் பெண்ணை எவரும் நோயாளி என எண்ணுவதில்லை. இவ்வாண்டு உங்கள் இல்லத்தில் அவ்வாறு ஒருவர் எழுந்தால், காரணத்தைக் கேளுங்கள். மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.