பெட்டி வேறு, பட்டாசு வேறு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் விஸ்வநத்தம்காரன். தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் அடுக்குவதைப் பார்த்து வளர்ந்தவன். ஒரு கம்பெனி பெட்டியில் புஸ்வாணம், சக்கரம், கம்பி மத்தாப்பு இருக்கும். இன்னொன்றில் அப்போதெல்லாம் சரவெடியும் சேர்ந்திருந்தது. பெட்டியையே பட்டாசு என்று எங்க ஊர்ல சின்னப் பிள்ளைகூட நினைக்காது. ஆனால் கம்ப்யூட்டர் படிக்க வந்த நான் அந்தத் தப்பைத்தான் செய்தேன்.

லேபில் பார்த்த டர்போ சி++ நீலத் திரைதான் எனக்கு சி மொழி. உண்மையில் அது போர்லண்ட் கம்பெனி டாஸுக்காகப் போட்ட பெட்டி. எடிட்டர், கம்பைலர், டீபக்கர் மூன்றும் அதற்குள் அடக்கம். முதல் இன்டர்வியூவில் லினக்ஸ் கம்ப்யூட்டரும் ஜிசிசி கம்பைலரும் கொடுத்தார்கள். வழக்கம்போல் திரையைத் துடைக்கும் கட்டளையை முதலில் அடித்தேன். ஏற்கவில்லை. அதற்கான 'கோனியோ' ஹெடர் ஃபைலே அங்கே இல்லை! அது டாஸ் கம்பைலர்காரர்கள் தாங்களாகச் சேர்த்த சரக்கு. 1989-ல் வகுத்த சி மொழித் தரத்தில் கிடையாது. டர்போவில் 'இன்ட்' 2 பைட், 32767-க்கு மேல் தாங்காது; அங்கே 4 பைட். எனக்கு ஒன்றும் ஓடவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை.

இப்போது பைத்தான் காலம். பைத்தானின் சொந்தத் தளத்திலிருந்து விண்டோஸுக்கு இறக்கினால் மொழியோடு ஸ்டாண்டர்ட் லைப்ரரி, 'பிப்', 'ஐடில்' எடிட்டர் வரும். 2012-ல் வந்த அனகோண்டா பெரிய கிஃப்ட் பாக்ஸ். நம்பை, பாண்டாஸ், ஜூபிடர், ஸ்பைடர் எல்லாம் உள்ளேயே இருக்கும். உபுண்டுவில் பைத்தான் ஏற்கெனவே இருக்கும். ஐடிலையும் பிப்பையும் நாம்தான் தனியாகப் போட வேண்டும். மொழி ஒன்றேதான். அனகோண்டாவில் ஓடிய புரோகிராம் வேறிடத்தில் 'பாண்டாஸ் இல்லை' என்று நின்றால், பைத்தான் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். அந்தப் பெட்டியில் அந்தச் சரக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான். பிப் மூலம் சேர்த்துக்கொள்ளலாம்.

தம்பி தங்கைகளே, எழுதிய புரோகிராமை இரண்டு பெட்டியிலாவது ஓட்டிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ, அங்கேதான் பாடம் இருக்கிறது.

நண்பர்களே, நன்கொடை தருகிறோம், சரி. வருஷத்தில் ஒரு சனிக்கிழமை லேபுக்கும் வந்து பிள்ளைகளோடு உட்காருவோமே. முதல் சனிக்கிழமைக்கு என் பேரைக் கொடுத்துவிட்டேன். நான் பட்டது அவர்களும் பட வேண்டாம்.