வீணாகும் உஷ்ணமும் தலைவிதியும்

(தொழிற்பயிற்சி மாணவர்கள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



யந்திரங்கள் வெளியே தள்ளும் புகையிலிருந்து உஷ்ணத்தைத் திருப்பிப் பிடிக்கும் முறையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். "சுயமரியாதைக்காரனுக்கும் புகைக்குழாய்க்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. "போனது போனதுதான், எல்லாம் தலைவிதி" என்று நம் ஜனங்களுக்கு வெகு காலமாகச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறார்கள். போவது எவ்வளவு, எந்த வழியாகப் போகிறது, அதில் எவ்வளவைத் திருப்பலாம் என்று அளந்து பார்க்கிறவனுக்கு விதி என்ற வார்த்தையே தேவைப்படுவதில்லை.

ஒரு டீசல் யந்திரத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 100 ரூபாய்க்கு எண்ணெய் ஊற்றினால் சுமார் 40 ரூபாய் அளவுதான் தண்டைச் சுற்றும் வேலையாக நமக்குக் கிடைக்கிறது. சுமார் 30 ரூபாய் புகையோடு போகிறது. மீதி, யந்திரத்தைக் குளிரவைக்கும் தண்ணீரோடும் சுற்றியுள்ள காற்றோடும் போய்விடுகிறது. நம் வீட்டுப் பிள்ளை 100 ரூபாயில் 30 ரூபாயைத் தெருவில் எறிந்தால் சும்மா இருப்போமா? யந்திரம் எறிந்தால் மாத்திரம் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

இந்தக் கேள்வியை மேல்நாட்டில் 200 வருஷங்களுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். ஸ்காட்லாந்து தேசத்தில் ராபர்ட் ஸ்டர்லிங் என்பவர் 1816-ஆம் வருஷத்தில், சூடான காற்று போகும் வழியில் உலோகத்தை வைத்து, அது விட்டுப்போகும் உஷ்ணத்தை வாங்கிவைத்துத் திரும்பிவரும் காற்றுக்கே கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்து உரிமை பெற்றார். அவர் யார் தெரியுமா? ஒரு பாதிரியார்! பாதிரியாராயிருந்தும் உஷ்ணத்தை மிச்சம்பிடிக்க அவர் ஜபம் செய்து கொண்டிருக்கவில்லை. இரும்பைக் கொண்டுதான் செய்தார். 1845-இல் இங்கிலாந்தில் எட்வர்டு கிரீன் என்பவர், கொதிகலனின் புகைபோக்கியில் தண்ணீர்க் குழாய்களை வைத்து, போகிற புகையைக் கொண்டே உள்ளே வரும் தண்ணீரைச் சூடாக்கினார். நாம் இன்று பேசும் பெட்டி அந்த வம்சத்தில் வந்ததுதான்.

நிற்க, அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது? ஒரு பக்கம் புகை, மறுபக்கம் தண்ணீர், நடுவில் மெல்லிய உலோகச் சுவர். புகையும் தண்ணீரும் கலப்பதில்லை. உஷ்ணம் மாத்திரம் சுவரைத் தாண்டுகிறது. தண்ணீர் உஷ்ணத்தைச் சுலபமாக வாங்கிக் கொள்ளும். புகையோ கஞ்சனைப் போல. அதே அளவு பரப்பில் மிகவும் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். ஆகவே புகைப் பக்கத்தில் மெல்லிய தகடுகளை நெருக்கமாக ஒட்டிப் பரப்பைப் பெருக்குகிறார்கள். புகைக்கான கச்சிதமான பெட்டி என்றால் ஒரு கன மீட்டருக்குள் 700 சதுர மீட்டர் பரப்பாவது இருக்க வேண்டும் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. அதாவது ஏறக்குறைய 17 சென்ட் நிலத்தை மடித்து மடித்து ஒரு பெட்டிக்குள் வைப்பது போல! தண்ணீரையும் புகை போகும் திசைக்கு எதிராக விடுகிறார்கள். அப்போதுதான் ஒரு முனையிலிருந்து மறு முனை வரையில் உஷ்ண வித்தியாசம் குறையாமலிருந்து, சிறிய பெட்டியே அதிக வேலை செய்யும்.

100 கிலோவாட் வேலை செய்யும் டீசல் யந்திரத்தின் புகை 450 டிகிரியில் வருகிறதென்று வைத்துக் கொள்ளுங்கள். அதை 150 டிகிரி வரையில் குளிரவைத்தால் சுமார் 50 கிலோவாட் உஷ்ணம் கைக்கு வரும். அதைக் கொண்டு 30 டிகிரித் தண்ணீரை 80 டிகிரியாக்கினால் மணிக்குச் சுமார் 850 லிட்டர் வெந்நீர் கிடைக்கும். ஆஸ்பத்திரிக்கும் மாணவர் விடுதிக்கும் சாயப் பட்டறைக்கும் இது எவ்வளவு பிரயோஜனம்!

ஆனால் இதே 50 கிலோவாட்டை மறுபடியும் மின்சாரமாக்கினால் 5 முதல் 7 கிலோவாட் கிடைப்பதே பெரிய காரியம். உஷ்ணம் முழுவதையும் வேலையாக மாற்ற எந்த யந்திரத்தாலும் ஆகாது; அதற்கொரு எல்லை உண்டு என்பதை 1824-இல் பிரெஞ்சு தேசத்து சாதி கார்னோ என்ற 28 வயது வாலிபர் யோசித்துக் கண்டார். ஆகவே, எண்ணெயில்லாமல் ஓடும் யந்திரம் என்று எவனாவது விற்க வந்தால், விபூதி வரவழைக்கும் சாமியாரிடம் கேட்கும் கேள்வியையே அவனிடமும் கேளுங்கள்: "எங்கிருந்து வருகிறது?"

தகடுகளை இன்னும் இன்னும் நெருக்கிவிட்டால் இலாபம் வளர்ந்து கொண்டே போகுமா? போகாது. வழி குறுகினால் புகை வெளியேறத் திணறும். யந்திரம் அதைத் தள்ளுவதற்கே அதிக எண்ணெய் குடிக்கும். உலோகச் சுவர் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால், எண்ணெயிலுள்ள கந்தகம் அமிலத் துளியாக மாறிச் சுவரை அரிக்கும். 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் மோட்டார் வண்டிகளுக்கான டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கூடாது என்று ஆன பிறகு இத்தொல்லை குறைந்திருக்கிறது. கப்பல் எண்ணெயில் இன்னும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பொல்லாதது கரி. மெல்லிய கரிப் படலம்கூடக் கம்பளி போர்த்தியது போல உஷ்ணத்தைத் தடுத்துவிடும். கப்பல்களில் இப்படித் தேங்கிய கரி தீப்பிடித்துக் குழாய்களே உருகி நாசமானதுண்டு.

தோழர்களே! இங்கேதான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆயுத பூஜையன்று யந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூசணிக்காய் உடைக்கிறீர்களே, அன்றைக்காவது குழாயைத் திறந்து கரியைத் துடைக்கிறீர்களா? பொட்டு வைத்ததால் அடைபட்ட வழி திறக்குமா? புகை வழியின் இரண்டு முனையிலும் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் அளந்து, தினம் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், கரி சேருவதை யந்திரமே உங்களுக்குச் சொல்லிவிடும். பஞ்சாங்கம் பார்க்கத் தேவையில்லை.

நெருப்பில் நெய்யை ஊற்றிப் புகையாக்குகிறவன் மேல்சாதி. அதே நெருப்பின் அருகில் நின்று வேர்வை சிந்தி இரும்பை உருக்குகிறவன் கீழ்ச்சாதி என்று வைத்த நாட்டில், இரும்பைத் தொட்டவனுக்குப் படிப்பில்லை, படித்தவன் இரும்பைத் தொடவில்லை. பிறகு புகையின் உஷ்ணத்தைப் பற்றி யோசிக்க யார் இருந்தார்கள்? கையும் அறிவும் ஒரே ஆளிடம் சேராதபடி செய்ததுதான் நமக்கு நேர்ந்த பெரிய நஷ்டம். புகையோடு போகிற 30 ரூபாய் அதற்கு முன் ஒன்றுமே இல்லை.

அந்த இரண்டும் இப்போது உங்களிடம் சேர்ந்திருக்கின்றன. ஆகையால் நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் பட்டறையில் ஓடும் யந்திரத்தின் புகைக்குழாயில் நாளைக்கே ஒரு உஷ்ணமானியை வைத்துப் பார்த்து, கணக்குப் போட்டு, சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக் கொள்ளுங்கள் என்று கேட்டுக் கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.