வெண்பாயும் கரும்பாயும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மாலையில் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பைத் தரலாம். கிரேக்க நாட்டுத் தீவுகளைச் சுற்றிக் கோடைக் காலத்தில் பாய்மரக் கலத்தில் சாவகாசமாகச் செல்லும் உல்லாசப் பயணமே அப்பொருள். “இரயில்வே குமாஸ்தாவான நீர் அங்கெல்லாம் சென்று வந்தீரோ?” என்று கேட்பீர்கள். சென்றதில்லை. தேசப் படமும், நூல் நிலையத்துப் புத்தகங்களும், சென்று வந்தோர் எழுதிய குறிப்புகளுமே நமது கலம். நமது ‘பாஸ்’ செல்லாத இடத்துக்கும் மனம் செல்லும் அன்றோ? ஆகவே இன்று உங்களையும் உடனழைத்துக்கொண்டு புறப்படுகிறோம். பெட்டி படுக்கை வேண்டா. சற்றுப் பொறுமை மட்டும் வேண்டும்.

கிரேக்கர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். சங்க நூல்களில் வரும் ‘யவனர்’ என்ற பெயர், ஈஜியன் கடலின் கீழ்க்கரையில் வாழ்ந்த அயோனியக் கிரேக்கரின் பெயரிலிருந்து வந்ததே. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் நூல், முசிறித் துறைமுகத்தைப் பற்றிப் பேசுகிறது. அந்நூலின் ஆசிரியர் மற்றொரு செய்தியும் கூறுகிறார். தம் நாட்டில் ஆண்டுதோறும் வீசும் காற்று எழும் பருவத்திலேயே, இந்தியக் கடலில் தென்மேற்குக் காற்று எழுகிறது என்பதே அது.

அவர் கண்டது உண்மை. கோடையில் ஆசியப் பெருநிலம் காய்வதால் அதன்மேல் காற்றழுத்தம் குறைகிறது. அவ்வெற்றிடத்தை நாடித்தான் நமது தென்மேற்குப் பருவக்காற்று மழையைச் சுமந்து வருகிறது. அதே குறைவழுத்தத்தின் ஒரு கை மேற்கே துருக்கி நாடு வரை நீள்கிறது. பால்கன் நாடுகளின் மீதோ அழுத்தம் மிகுதி. இவ்விரண்டுக்கும் இடையே ஈஜியன் கடலின் மீது வடக்கிலிருந்து தெற்காகக் காற்று பாய்கிறது. பண்டைக் கிரேக்கர் இதனை ‘எதேசியன்’, அதாவது ஆண்டுக் காற்று, என்றனர். இன்று ‘மெல்தெமி’ என்பர். நமக்கு வாடை என்றால் குளிர்காலம். அவர்க்கோ கோடையில் வாடை! நம் ஊரில் மழை பெய்விக்கும் அதே வெம்மை, அங்கே பாய்களை விரியச் செய்கிறது.

நிற்க. கலத்தைப் பார்ப்போம். ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள ஒரு பாய்மரக் கலம். ஆறு முதல் எட்டுப் பேர் படுக்கலாம். சிறிய அடுக்களையும் உண்டு. இத்தகைய கலங்களை வாடகைக்கு விடுவர். தாமே செலுத்த விரும்புவோர் குழுவில் ஒருவர் மீகாமனுக்குரிய சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். தொழில் அறிந்த துணைவர் ஒருவரும் வேண்டும். வேகம் மணிக்கு ஐந்து அல்லது ஆறு கடல் மைல், அதாவது சுமார் 10 கிலோமீட்டர். நமது பாசஞ்சர் வண்டியை எள்ளி நகையாடுவோர் இக்கலத்தில் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும்!

கிரேக்க நாட்டில் பெரிதும் சிறிதுமாக ஏறத்தாழ 6,000 தீவுகள். மக்கள் வாழ்வன 227. நாம் செல்வது சைக்லேட்ஸ் என்னும் கூட்டத்துக்கு. டீலோஸ் என்ற புனிதத் தீவைச் சுற்றி வட்டமாக அமைந்தமையால் அப்பெயர் வந்தது. ஏதென்ஸ் நகரத்தின் கடற்கரையிலிருந்து காலையில் புறப்பட்டுத் தென்கிழக்காகச் சென்றால், நிலத்தின் கடைக்கோடியில் சூனியோன் முனை தோன்றும். உயர்ந்த பாறையின் உச்சியில் கடல் தெய்வமாகிய போசைடனுக்கு கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய பளிங்குக் கோயிலின் தூண்கள் வெயிலில் வெண்மையாக ஒளிரும். கப்பலில் வருவோர்க்குத் தாய்நாட்டின் முதல் அடையாளமும், போவோர்க்குக் கடைசி அடையாளமும் அதுவே. அம்முனைக்கு ஒரு கதை உண்டு. அதனைத் திரும்பும்போது சொல்வோம்.

முதல் தீவு கேயா. அங்கே மலைப்பாறையில் செதுக்கிய ஒரு சிங்கம், 2,500 ஆண்டுகளுக்கு மேலாகப் புன்முறுவலுடன் படுத்திருக்கிறது. டைட்டானிக் கப்பலின் உடன்பிறப்பாகிய பிரிட்டானிக், 1916 நவம்பர் 21-ஆம் நாள் மூழ்கியதும் இத்தீவின் அருகிலேதான். அடுத்தது கித்னோஸ். அதன் ஒரு பக்கத்தில் மெல்லிய மணல் திட்டு ஒன்று இரு பக்கமும் கடலைத் தாங்கிக் கிடக்கிறது. அங்கே நங்கூரமிட்டு நீந்துவதும், கலத்தின் மேல்தளத்தில் பாயின் நிழலில் உறங்குவதும், எழுந்து மீண்டும் நீந்துவதுமே ஒரு நாளின் அலுவல். வருகைப் பதிவேடு இல்லை, கையொப்பமும் இல்லை.

மாலையில் துறைமுகத்தில் கலத்தைக் கட்டுவது ஒரு தனிக்கலை. கலத்தின் முன்புறத்திலிருந்து நங்கூரத்தைக் கடலில் இறக்கிவிட்டுப் பின்னோக்கியே மெல்ல நகர்ந்து வந்து, பின்புறத்தைக் கரையோடு கட்டுவர். நம் யார்டில் பெட்டிகளைப் பின்தள்ளி இணைக்கும் ஷண்டிங் வேலையை ஒத்தது அது. ஒருவர் சங்கிலியின் மேல் மற்றொருவர் சங்கிலி விழுந்துவிட்டால், காலையில் புறப்படும்போது துறைமுகம் முழுவதும் வேடிக்கை பார்க்கும்.

நான்காம் நாள் சீரோஸ் தீவு. அதன் தலைநகராகிய எர்மூபொலியைப் பற்றி இவ்வவையில் கூறுவது மிகவும் பொருந்தும். ஏனெனில் அஃது ஊர்விட்டு வந்தோர் கட்டிய ஊர். துருக்கியரை எதிர்த்து எழுந்த விடுதலைப் போரின்போது, 1822-இல் கியோஸ் தீவிலும் 1824-இல் சாரா தீவிலும் மக்கள் பெருவாரியாக மாண்டனர். தப்பியோர் மூட்டை முடிச்சுகளோடு இத்தீவின் கரையில் ஒதுங்கினர். குடிசை போட்டனர், கடை வைத்தனர், கப்பல் கட்டினர், வணிகத் தெய்வமாகிய ஹெர்மிஸின் பெயரை ஊருக்கு இட்டனர். சில பத்தாண்டுகளில் அதுவே கிரேக்க நாட்டின் முதன்மைத் துறைமுகமாயிற்று. இக்கடலில் அடைக்கலம் தேடி வருவோர் வரவும் நின்றபாடில்லை. 2015-ஆம் ஆண்டில் மட்டும் போருக்கு அஞ்சியும் வறுமைக்கு அஞ்சியும் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் வழியே கிரேக்கக் கரை சேர்ந்தனர்; சேராமல் மூழ்கியோரும் உண்டு. உல்லாசமாகச் செல்லும் நம் கலம் மிதப்பதும் அதே நீரிலேதான் என்பதை மறத்தல் ஆகாது.

சீரோஸில் நாம் நினையாத வகையில் இரண்டு நாள் தங்க நேரிடுகிறது. மெல்தெமி எழுந்துவிட்டது. இக்காற்றின் இயல்பு விந்தையானது. வானில் ஒரு முகிலும் இராது. கதிரவன் ஒளி வீசுவான். கடல் மட்டும் வெண்ணுரை கக்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இதன் வன்மை மிகுதி. எழுந்தால் சில நாள்கள் தொடர்ந்து வீசுதலும் உண்டு. தீவின் காற்று மறைவுப் பக்கம் அமைதியாயிருக்கும் என்று எண்ணி ஒதுங்கினால், மலையிலிருந்து சரிந்து இறங்கும் சூறை கலத்தைச் சாய்த்துவிடும். காற்று மிகும்போது பெரிய பயணிக் கப்பல்களையே துறைமுக அதிகாரிகள் புறப்படாமல் தடுப்பர். அனுபவம் உள்ளவர்கள் விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் துறை சேர்வர். பயணத் திட்டத்தில் இரண்டு மூன்று நாள்களை வெறுமையாகவே விட்டு வைப்பர். கால அட்டவணையோடு வாழும் நமக்கு இது பெரும் பாடம். சாவகாசம் என்பது சோம்பல் அன்று. காற்றுக்கு உரிய நாளைக் காற்றுக்கு விட்டுக்கொடுப்பதே சாவகாசம்.

காற்றுத் தணிந்தபின் தீனோஸ். அங்கே 1823-இல் மண்ணுக்குள்ளிருந்து கண்டெடுத்த மேரியன்னையின் திருவுருவப் படம் ஒரு பெரிய ஆலயத்தில் இருக்கிறது. ஆகஸ்டு 15-ஆம் நாள் அன்னையின் திருநாள். நேர்ந்துகொண்டோர் துறைமுகத்திலிருந்து ஆலயம் வரை மேட்டுத் தெருவில் முழங்காலாலேயே ஊர்ந்து செல்வர். அந்நாள் தீனோஸுக்கு மட்டும் உரியதன்று. எல்லாத் தீவுகளுக்கும் அதுவே ஊர் திரும்பும் நாள். ஏதென்ஸில் பணி புரிவோர், அயல்நாடுகளில் குடியேறியோர் எல்லாரும் குழந்தை குட்டிகளோடு கப்பல்களில் வந்து இறங்குவர். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பர். நாம் செல்லும் வழியில் இல்லாத காஸ்டெலோரிசோ என்ற சிறு தீவில் இன்று சில நூற்றுவரே வாழ்கின்றனர். அத்தீவிலிருந்து சென்றோர் வழியினரோ ஆஸ்திரேலியாவில் அதனினும் பன்மடங்கு. 2024 வரை கோடை விடுமுறைக்கு நான்கு மாதம் முன்னரே பயணச்சீட்டுக்கு வரிசையில் நின்ற நம் காலனியாருக்கு இதனை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

டீலோஸில் இரவு தங்க இயலாது. பிறப்பும் இறப்பும் அங்கு நிகழலாகாது என்று ஏதென்ஸ் நகரத்தார் பண்டு விதித்தனர், கி.மு. 426-இல் அங்கிருந்த கல்லறைகளையும் தோண்டி அடுத்த தீவுக்கு மாற்றினர். இன்றும் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். அடுத்து நக்சோஸ். துறைமுகத்தின் முகப்பில், முடிவு பெறாத ஒரு கோயிலின் மாபெரும் பளிங்கு வாயில் மட்டும் தனித்து நிற்கிறது. இங்கிருந்து திரும்ப வேண்டும்.

திரும்பும்போதுதான் தெரிகிறது, இதுவரை வந்த வழி எளிய வழி என்பது. வரும்போது காற்று முதுகுப் பக்கம் நின்று தள்ளியது. போகும்போது முகத்தில் அறைகிறது. எந்தப் பாய்மரக் கலமும் காற்றுக்கு நேர் எதிராகச் செல்லாது. இடப்பக்கம் சாய்ந்து சிறிது தூரம், வலப்பக்கம் சாய்ந்து சிறிது தூரம் என்று வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். ஊரைவிட்டுப் போவது எளிது, திரும்புவதே அரிது.

இவ்வழியே திரும்பிய ஒருவனின் கதையைத்தான் சூனியோன் முனைக்கென்று வைத்திருந்தோம். ஏதென்ஸ் அரசன் ஈஜியஸின் மகன் தீசியஸ். கிரீட் தீவின் மினோட்டார் என்னும் கொடிய விலங்குக்கு இரையாக அனுப்பப்பட்ட இளைஞரோடு அவனும் சென்றான். கலம் கரும்பாய் விரித்துப் புறப்பட்டது. “வென்று உயிரோடு திரும்பினால் வெண்பாய் ஏற்றுக” என்று தந்தை சொல்லி அனுப்பினான். மகன் வென்றான். வழியில் நக்சோஸில் தனக்கு உதவிய அரியாட்னியை விட்டு வந்தான். டீலோஸில் ஆடிப் பாடினான். ஆனால் பாயை மாற்ற மறந்தான். தொலைவில் கரும்பாயைக் கண்ட கிழவன் உயரத்திலிருந்து வீழ்ந்து மாண்டான். அந்த இடம் சூனியோன் முனை என்பாரும், ஏதென்ஸ் நகரத்துக் குன்று என்பாரும் உளர். அவன் பெயரே அக்கடலுக்குப் பெயராயிற்று.

இக்கதைக்கு வரலாற்றில் ஒரு தொடர்ச்சியும் உண்டு. தீசியஸின் நினைவாக ஏதென்ஸ் நகரத்தார் ஆண்டுதோறும் டீலோஸுக்கு ஒரு கலம் அனுப்புவர். அது திரும்பும் வரையில் நகரில் எவர்க்கும் மரண தண்டனை நிறைவேற்றலாகாது. கி.மு. 399-இல் சாக்ரடீஸ் தீர்ப்புப் பெற்றபின் ஏறத்தாழ ஒரு மாதம் சிறையிலிருந்தது இதனாலேயே. கலம் சூனியோனை அடைந்துவிட்டது என்ற செய்தியோடுதான் நண்பர் கிரிட்டோ விடியற்காலையில் சிறைக்கு வந்தார். எல்லாரும் கலம் வரவேண்டும் என்று காத்திருப்பர். அந்நண்பர்கள் மட்டும் அது வராதிருக்க வேண்டும் என்று காத்திருந்தனர்.

அன்பர்களே! தீசியஸைக் குறை கூற நமக்குத் தகுதி இல்லை. 2005-ஆம் ஆண்டு மே மாதம், வேலையில் சேர்ந்த புதிதில், ஊருக்கு வரும் நாளைத் தந்தையாருக்குத் தெரிவித்திருந்தோம். உடன் பணி புரிபவர் நோயுற்றதால் நம் விடுப்பு ஒரு நாள் தள்ளிப் போயிற்று. மறுநாளைக்கு இடம் கிடைத்த மகிழ்ச்சியில், அடுத்த வீட்டுத் தொலைபேசிக்கு ஒரு வார்த்தை சொல்ல மறந்தோம். நாம் இறங்கியபோது, எம் ஊரின் சிறிய நிலையத்தில், முதல் நாள் வந்து அமர்ந்த அதே பெஞ்சில், குடையும் மஞ்சள் பையுமாகத் தந்தையார் அமர்ந்திருந்தார். இரவு முழுவதும் அங்கேயே இருந்திருக்கிறார். “வண்டி தாமதம் போலிருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன், தம்பி” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. வண்டி எப்போது வரும் என்று ஊராருக்கெல்லாம் விடை கூறும் அலுவலில் இருந்த நாம், தந்தையாருக்குக் கூறவில்லை. இன்று அவர் இல்லை. அந்தப் பெஞ்சு இருக்கிறது.

இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் தொலைபேசி இருக்கிறது. பாயை மாற்ற ஒரு நொடி போதும். ஆயினும் மறதி மாறிவிடவில்லை. இக்கோடையில் ஊருக்குச் செல்வோர் புறப்படுமுன் சொல்லுங்கள். செல்ல இயலாதோர் அதனையும் சொல்லுங்கள். கடலைப் பார்த்துக்கொண்டு ஒருவர் அமர்ந்திருக்கிறார்.

நம் கலம் துறை சேர்ந்தது.