குப்பைக் கோழியும் வெள்ளைக் குறுணலும்



சங்கப் புலவர்களுள் சிலருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பாடிய ஓர் உவமையே அவர்களுக்குப் பெயராக நிலைத்துவிட்டது. அத்தகையோருள் ஒருவர் குப்பைக் கோழியார். குறுந்தொகையின் 305 ஆவது பாடல் அவருடையது. காதல் நோயால் வாடும் தலைவி, தன் நிலையைச் சொல்லுமிடத்துக் குப்பையிலே தாமாகப் போரிடும் கோழிகளை நினைக்கிறாள். பழக்கி வளர்த்த போர்க்கோழிகளை ஏவிவிடவும் விலக்கிவிடவும் ஆட்கள் இருப்பர். குப்பைக் கோழிகளுக்கு அப்படி எவருமில்லை. அவற்றின் போர் தானாக ஓய்ந்தால்தான் உண்டு. தன் துயரும் அத்தகையதே என்கிறாள் அவள்.

இப்பாடலைப் படிப்பிக்கும்போது மாணவர்கள் உவமையின் நயத்தை எழுதிக்கொள்வார்கள். எனக்கோ அண்மைக்காலமாக அந்த உவமையின் முதற் சொல்லே நெருடுகிறது. குப்பை என்றால் என்ன?

பழந்தமிழில் குப்பை என்பதற்குக் குவியல் என்று பொருள். நெற்குப்பை என்றால் நெற்குவியல். எங்கள் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் ஒருவர், "தோட்டத்துக்குக் குப்பை போட்டாச்சோ?" என்று கேட்டால், அவர் கருதுவது மாட்டெருவையும் தழையையும் சாம்பலையுமே. அது பயிருக்கு உணவு. கிளறுகின்ற கோழிக்கோ அது புழுவும் பூச்சியும் சிந்திய மணியும் கிடைக்கின்ற பந்தி. குப்பையைக் கிளறி உதிர்த்து எருவாக்குவதிற் கோழிக்கும் பங்கு உண்டு. ஆகவே குப்பைக் கோழி என்ற தொடர், இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பொருந்தி வந்த ஓர் உறவின் பெயர் எனலாம்.

அந்த உறவு இன்று முறிந்திருக்கிறது. நம்முடைய குப்பை உக்குவதில்லை. கோழிக்கு இதை எவரும் அறிவிக்கவுமில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மா இருக்கிறார். போரிலே கணவனை இழந்தவர். இருபது ஊர்க்கோழிகள் வரையில் வளர்த்து, முட்டை விற்றே வீட்டுச் செலவிற் பாதியைச் சமாளிக்கிறார். சென்ற ஆண்டு பக்கத்து வளவில் புதிதாகக் குளிர்சாதனப் பெட்டி ஒன்று இறங்கியது. அதனைச் சுற்றி வந்த ரெஜிபோம் துண்டுகள் வேலியோரம் போடப்பட்டன. வெயிலும் மழையும் பட்டு அவை மணிமணியாக உதிரத் தொடங்கின. கோழிகள் போட்டி போட்டுக்கொண்டு அவற்றைக் கொத்தின. சில நாட்களில் இரண்டு பேடுகள் மெலிந்து முட்டையிடுவதை நிறுத்தின. அவற்றில் ஒன்று செத்தது. அதன் தீன்பையை அந்த அம்மா அறுத்துப் பார்த்தார். புல்லும் நைலோன் நூலும் வெள்ளை மணிகளுமாக ஒரு கட்டி உள்ளே இறுகிக் கிடந்தது.

"உதுகளுக்குக் கண் தெரியாதோ அக்கா?" என்று கேட்டேன்.

"கண் வடிவாத் தெரிஞ்சபடியால்தான் மாஸ்ரர் கொத்தினது" என்றார் அவர்.

நேயர்களே, நான் பிற்பாடு படித்தறிந்த விஞ்ஞானமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துள் அடங்கிவிடுகிறது. கோழி நாவினாற் சுவைத்து உணவைத் தேர்வதில்லை. அதன் நாவிற் சுவை அரும்புகள் மிகச் சொற்பம். அது கண்ணாலே தேர்கிறது. நாம் அதற்கு வீசிய குறுணல் வெள்ளை. சோறு வெள்ளை, தேங்காய்ப்பூ வெள்ளை, குஞ்சுகளுக்குப் பிடித்துக் கொடுத்த கறையானும் வெளிறிய நிறம். சிறியதாய், வெள்ளையாய், கொத்தினால் உடைவதாய் இருப்பது உணவு என்பதே அதன் தலைமுறைப் பாடம். ரெஜிபோம் மணி இந்த மூன்று அடையாளங்களையும் உடையது.

இன்னொரு காரணமும் உண்டு. கோழிக்குப் பற்கள் இல்லை. அது விழுங்கிய இரை முதலிலே கழுத்தடியிலுள்ள தீன்பையில் ஊறும். பின்னர் அரைவைப்பைக்குப் போகும். கறிக்குத் துப்புரவாக்கும்போது பிளந்து, உள்ளிருக்கும் மஞ்சள் தோலை உரித்து எறிகிறோமே, அந்தத் தடித்த தசைப்பைதான் அது. அங்கே இரையை அரைப்பதற்குச் சிறு கற்கள் வேண்டும். ஆதலாற் கோழி உணவல்லாத பொருளையும் தேடி விழுங்கவே செய்யும். கல் பொறுக்குவது அதன் மடமையன்று. அது அதன் பிழைப்பு. ஆனால் கல் கிடந்த இடத்தில் இன்று ஆணி கிடக்கிறது. நாகம் பூசிய கம்பித் துண்டும் பழைய பெயின்ற் செதிலும் கிடக்கின்றன. நாகமும் ஈயமும் கோழிக்கு நஞ்சு. பெயின்றிலுள்ள ஈயம் முட்டையின் மஞ்சட் கருவரைக்கும் செல்லக்கூடியது.

இத்தனையும் நம் முற்றத்துக்கு எப்படி வந்தன? 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வளர்ந்தவன் நான். அந்நாளிற் பொலித்தீன் பை ஒன்று கிடைத்தால் அதைக் கழுவிக் கொடியிலே காயவிட்டு மடித்து வைப்போம். எறிவதற்கு எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. 2009 இற் போர் முடிந்தபின் ஏ-9 வீதியாற் பொருட்கள் தாராளமாக வந்தன. தொலைக்காட்சிப் பெட்டியும் சலவை இயந்திரமும் வந்தன. மீன் வியாபாரிகளின் கைகளிலும் ரெஜிபோம் பெட்டிகள் வந்து சேர்ந்தன. பொருட்கள் வந்தது நன்மையே. வறுமையை ஏக்கத்தோடு நினைத்துப் பாடுகிறவர்களில் நான் ஒருவனல்லன். ஆனால் பொருள் வீட்டுக்குள்ளே போக, அதன் உறை முற்றத்திலே நின்றுவிட்டது.

2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து மனித உயிர்களைப் பலிகொண்டது. அதே ஆண்டு செப்ரெம்பரில் ரெஜிபோம் உணவுப் பெட்டிகளுக்கும் மெல்லிய பொலித்தீனுக்கும் தடை வந்தது. ஆனால் இயந்திரங்களைச் சுற்றிவரும் ரெஜிபோம் அந்தத் தடைக்குள் அடங்கவில்லை. 2022 இல் அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிற் பிளாஸ்ரிக்கைத் தின்று யானைகள் இறந்த செய்தி உலகமெங்கும் பரவியது. யானை இறந்தாற் செய்தி. ஏழையின் பேடு இறந்தால் அது அவள் வீட்டுக் கணக்கில் மாத்திரம் ஒரு குறைவு.

அப்படியானால் எல்லாவற்றையும் கூட்டிக் கொளுத்திவிடலாமே என்று சிலர் எண்ணலாம். அது அதனினும் கேடு. இந்தோனேசியாவின் கிழக்கு யாவாவில் துரொப்போடோ என்னும் ஊர் இருக்கிறது. அங்கே சோயாக்கட்டி தயாரிக்கும் அடுப்புகளில் விறகுக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் கழிவை எரித்தார்கள். அவ்வூரின் முற்றத்துக் கோழிகள் இட்ட முட்டைகளில் டயொக்சின் என்ற கொடிய நஞ்சு மிக அதிக அளவிற் காணப்பட்டதாக 2019 இல் வெளியான ஆய்வு அறிவித்தது. புகையும் சாம்பலும் மண்ணிற் படியக் கோழி மண்ணைக் கொத்துகிறது. கொழுப்பிலே தங்குகின்ற அந்த நஞ்சு மஞ்சட் கருவிற் சேர்கிறது. அந்த முட்டையை நாம் வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் சத்துணவென்று அவித்துக் கொடுக்கிறோம். எறிந்த கைக்கே எறிந்த பொருள் இவ்வாறு திரும்பி வருகிறது.

செய்யவேண்டியவை பெரிய காரியங்களல்ல. ரெஜிபோம் வீட்டுக்கு வந்த அன்றே அதை உதிரவிடாமற் சாக்கிலே கட்டி, உள்ளூராட்சிச் சபையின் கழிவு வண்டி வரும்வரை கோழி எட்டாத இடத்தில் வைக்கலாம். ஆணியையும் நைலோன் நூலையும் பொறுக்கி எடுக்கலாம். கோழிக்குப் பொடிக்கல்லும் நொருக்கிய சிப்பி ஓடும் கீரையும் போதியளவு கிடைத்தால் அது கண்டதையும் தேடி அலைவது குறையும். விடியற்காலையிற் கூடு திறக்கும்போது கழுத்தடியைத் தடவிப் பார்க்கலாம். சுகமான கோழியின் தீன்பை விடியும்போது வெறுமையாக இருக்கும். இறுகித் திரண்டிருந்தால் உடனே மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும்.

பட்டினப்பாலையில் இன்னொரு கோழி வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் உலரும் உணவைக் கவர வந்த கோழி அது. அதை விரட்டுவதற்கு அந்நகரத்துப் பெண்கள் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிகிறார்கள். அந்தக் குழை சிறுவரின் விளையாட்டுத் தேர் ஓடும் வழியை மறிக்கிறது. நகரின் செல்வத்தைக் காட்டப் புலவர் அமைத்த காட்சி என்று உரை சொல்வோம். அது சரியே. ஒரு சமூகத்தின் முற்றத்தில் எறிந்து கிடப்பதைப் பார்த்து அதன் வாழ்வை அளந்துவிடலாம் என்பதைப் புலவர் அறிந்திருக்கிறார்.

நம் முற்றத்தில் எறிந்து கிடப்பவற்றை இன்று ஒரு புலவர் பாடவந்தால் எதைப் பாடுவார்? குப்பைக் கோழியாரின் தலைவி தன் துயரைக் களைவார் எவருமில்லை என்றாள். இந்தக் கோழிகளின் துயரை அப்படிச் சொல்லிவிட முடியாது. அதைக் களைவதற்கு விளக்குமாறு பிடிக்கும் ஒரு கை போதும்.