விரைவு, செலவு, தரம்: தமிழில் எழுதித் தரும் பணி குறித்துச் சில எண்ணங்கள்



விரைவு, தரம், மலிவு ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும், மூன்றாவதை விட்டுவிட வேண்டும் என்று தொழில் செய்வோர் சொல்வதுண்டு. சிங்கப்பூரில் பிறர் கேட்க நாம் தமிழில் எழுதித் தரும் பணிக்கு இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதே இன்று என் பேச்சு.

தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. ஆகவே அறிவிப்பு, கையேடு, பெயர்ப்பலகை எனத் தமிழில் எழுதப்பட வேண்டியவை பல. ஆனால் அப்பணியை ஒப்படைப்பவருக்குப் பெரும்பாலும் தமிழ் படிக்கத் தெரியாது. விரைவை நாட்காட்டி காட்டிவிடும். செலவை விலைப்புள்ளி காட்டிவிடும். தரத்தைக் காட்டும் கருவி அவர் கையில் இல்லை. தாம் காணக்கூடிய இரண்டைக் கொண்டு அவர் முடிவெடுக்கிறார். காணவியலாத மூன்றாவது யாரும் அறியாமலே தேய்கிறது. இதில் எவருடைய கெட்ட எண்ணமும் இல்லை. கெட்ட எண்ணம் இல்லாமலே நிகழ்வதால்தான் இது மீண்டும் மீண்டும் நிகழ்கிறது.

2014ஆம் ஆண்டில் பலரும் பேசிய ஒரு பலகையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ‘லாவ் பா சாட்’ என்னும் இடப்பெயரின் இறுதி அசையை ஆங்கிலக் கிழமைப் பெயரின் சுருக்கமெனக் கொண்டு, தமிழில் ‘சனி’ என்று எழுதிவிட்டார்கள். பலகை பின்னர் அகற்றப்பட்டது. நாம் சிரித்தோம். மொழியியல் படித்தவனுக்கு அதில் வேறொரு வருத்தமும் உண்டு. ஹொக்கியன் வழக்கில் அப்பெயருக்குப் பழைய சந்தை என்று பொருள். ‘பா சாட்’ என்பது மலாய்ச் சொல்லான ‘பசார்’ என்பதிலிருந்து வந்தது. அதன் வேர் பாரசீகத்தில் இருக்கிறது. நாம் ‘பஜார்’ என்று சொல்வதும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான். நம் வீட்டு உறவினரையே அடையாளம் தெரியாமல் சனிக்கிழமையாக்கிவிட்டோம். தமிழறிந்த ஒருவர் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பணித்திட்டத்தில் இடம் இருந்ததா என்பதே கேள்வி.

பிறர் பிழையைச் சொன்ன நான் என் பிழையையும் சொல்ல வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் மருந்து உட்கொள்ளும் முறை பற்றிய ஒரு கையேட்டின் தமிழ்ப் பகுதியைச் சரிபார்க்குமாறு என்னிடம் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை வந்தது. திங்கட்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டும். நான் தட்டச்சுப் படியைப் படித்துக் கையொப்பமிட்டேன். பக்கம் வடிவமைத்தபின் வரும் அச்சுப்படியைக் கேட்கவில்லை. நேரமில்லை என்றார்கள், நானும் ஒப்புக்கொண்டேன். ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே நிற்கும். தமிழில் அது இறுதியில் வரும். ‘இம்மருந்தை வெறும் வயிற்றில் உட்கொள்ளக் கூடாது’ என்ற தொடர் ஆங்கிலத் தொடருக்கென அளந்த கட்டத்துக்குள் அடங்கவில்லை. கடைசிச் சொல் கட்டத்துக்கு வெளியே மறைந்துபோயிற்று. வடிவமைத்தவருக்குத் தமிழ் தெரியாது. ‘உட்கொள்ளக்’ என்று வல்லினம் மிகுந்த அந்த ஒற்று மட்டும், ஏதோ ஒரு சொல் இங்கே இருந்தது என்பதற்குச் சாட்சியாக அச்சில் நின்றது.

கையேடு வெளிவந்த அன்றே தமிழறிந்த ஒரு தாதி அதைக் கண்டு சொன்னதால் அனைத்துப் படிகளும் திரும்பப் பெறப்பட்டன. மறு அச்சுக்கு ஆன செலவு எனக்குக் கொடுத்த ஊதியத்தைப் போலப் பல மடங்கு. செலவு போகட்டும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு பாட்டி அதை வீட்டுக்குக் கொண்டுபோய், விடுபட்ட சொல்லைத் தாமே நிரப்பிக்கொண்டிருந்தால்? அந்தக் கையொப்பம் என்னுடையது.

இதிலிருந்து நான் கற்றவை மூன்று.

முதலாவது, எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு தரம் கேட்கத் தேவையில்லை. பிழை நேர்ந்தால் என்ன விளையும் என்று முதலில் கேளுங்கள். சமூக மன்றத்தின் உணவு விழா அறிவிப்பு விரைவாக வரட்டும். மருந்து, சட்டம், பாதுகாப்பு பற்றியவற்றில் விரைவுதான் விட்டுக்கொடுக்க வேண்டும். பல்லாண்டு நிற்கும் பலகையும் அவ்வாறே.

இரண்டாவது, சரிபார்ப்புக்குத் தனி ஆளும் தனி ஊதியமும் தனி நாளும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். ஆங்கில மூலம் தாமதமாக முடிவானாலும் அச்சுக்குப் போகும் நாள் நகர்வதில்லை. இடையில் நசுங்குவது கடைசிப் படிநிலையான சரிபார்ப்பே. ஒப்புதல் கையொப்பம் தட்டச்சுப் படியில் அன்று, இறுதி அச்சுப்படியில் இருக்க வேண்டும். இன்று கணினி சில நொடிகளில் வரைவைத் தந்துவிடுகிறது. நல்லது. அங்கே மிச்சமான நேரத்தைச் சரிபார்ப்பவருக்குக் கொடுங்கள், நாட்காட்டியிலிருந்து கழித்துவிடாதீர்கள்.

மூன்றாவது, செலவைக் குறைக்க நேர்மையான வழிகளும் உண்டு. மூலத்தைச் சுருக்கமாக எழுதலாம். ஒருமுறை முடிவு செய்த கலைச்சொற்களைப் பேணி வைக்கலாம். தமிழ்த் தொடர் நீளும் என்பதை அறிந்து, வடிவமைக்கும்போதே இடம் விடலாம். இவற்றால் தரம் குறையாது. மிச்சமாவது வெள்ளி மட்டுமே.

இளம் மொழிபெயர்ப்பாளர்களே, ‘திங்கட்கிழமைக்குள் முடியுமா?’ என்று உங்களிடமும் கேட்பார்கள். முடியும் என்று சொல்வதில் தவறில்லை. ‘அச்சுப்படியை எனக்கு எப்போது காட்டுவீர்கள்?’ என்று உடனே கேளுங்கள். பணி தருபவரால் காண முடியாத தரத்தை அவருக்காகக் காண வேண்டியவர்கள் நீங்கள்தாம். அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி அது.